பந்தைப் பின்னால எறிஞ்சா படிப்பும் பின்னால போயிடுமா?

போன ஞாயிறு லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் நம்மூர் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன சார், பையனை ரக்பிக்கு அனுப்பறீங்களாமே? கை காலை உடைச்சுக்கவா? ரௌடிப் பசங்க ஆட்டம் சார் அது!" அங்கே அசடு வழிந்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

கல்கத்தாவில் ரக்பி 1872-லேயே ஆடியாகிவிட்டது. அதற்கென்று ஆரம்பித்த கிளப் சில வருஷத்திலேயே படுத்துவிட்டது. ஓசிச் சரக்கை நிறுத்தியதும் உறுப்பினர்கள் கழன்றுகொண்டதாகக் கதை :-) மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நாகப்பாம்புக் கைப்பிடி, மூடியில் யானை. 1879-லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்வது அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான். கிளப் பிற்பாடு உயிர்பெற்று, 1965-ல், 1792-ல் பிறந்த கிரிக்கெட் கிளப்போடு இணைந்து, இன்று சி.சி.எஃப்.சி. என்று பாலிகஞ்சில் இருக்கிறது.

இதில் பாடம் ஒன்றுதான். பாரை நம்பிய கிளப் படுக்கும், பிள்ளைகளை நம்பிய கிளப் பிழைக்கும். 2004-ல் மைதானத்தில் தொடங்கிய ஜங்கிள் குரோஸைப் பாருங்கள். உறுப்பினர் கட்டணத்தைக் கனவிலும் கட்டமுடியாத வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சேர்த்தார்கள். 2007-ல் ஒடிசாவின் பழங்குடிப் பையன்கள் லண்டன் போய், பதினாலு வயதுக்குட்பட்டோர் போட்டியில் கோப்பையோடு திரும்பினார்கள். ரௌடிகளா இவர்கள்?

அடிபடாதா என்றால், படும். அதனால்தான் பொடிசுகளுக்கு முதலில் தொட்டால் போதும் என்கிற டச் ரக்பி. தலையில் அடி என்றால் உடனே வெளியே உட்காரவைக்கிறார்களா என்று கோச்சிடம் கேளுங்கள். மழுப்பினால் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கேட்காமலே மறுப்பதுதான் தப்பு.

நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? ஃபிளாட், ஸ்கூல் பஸ், டியூஷன். நான் ஆணி பிடுங்க இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருஷம். ஆபீசுக்கு வெளியே ஒரு பெங்காலி நண்பன் கிடையாது. பையனுக்கு ஒரே சீசனில் பத்துப் பேர். டிரைவர் மகன், டாக்டர் மகன், எல்லாரும் ஒரே சேற்றில். பந்தைக் கையால் முன்னால் எறியக்கூடாது, பின்னால் வருகிறவனை நம்பித்தான் கொடுக்கணும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவனும் தோற்றவனும் கைதட்டிக்கொண்டு ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். இதை எந்த டியூஷனில் சொல்லித்தருவார்கள்?

ஊருக்கு உபதேசம் இல்லை. ஏழு வருஷம் முன்னால் என் பெண் இதையே கேட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா?" என்று சொன்னவன் நான். தங்கமணி அன்றைக்கே எச்சரித்தாள், காதில் ஏறவில்லை. இப்போது பெண் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். தம்பி ஆடும் போட்டோவை அனுப்பினேன். "அவனுக்கு மட்டும் சரியாப்பா?" என்று ஒரே வரி வந்தது. இன்னும் பதில் போடவில்லை.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வருகிற ஞாயிறு ஒரு டியூஷனுக்கு மட்டம் போடச் சொல்லுங்கள். பையனை மட்டும் இல்லை, பெண்ணையும்.