ஒரே பையரை நம்பலாமா?

கேம் வெளையாடியே சம்பாதிக்கலாமாமே, நெசமாங்க? நம்ம திருப்பூர்ல வயசுப் பசங்க இருக்கற வீட்டுல இப்ப இதான் கேள்வி. சம்பாதிக்கலாமுங்க. ஆனா அதுல ஒரு வில்லங்கம் இருக்கு.

இதை மொதல்ல தொழிலாவே ஆக்கிக் காட்டினது தென்கொரியா. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னாடி அங்க தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் வந்துச்சு. 1998ல ஸ்டார்கிராப்ட் கேம் வந்துச்சு. ஆடறவங்களுக்குச் சம்பளம், கோச், தனி டிவி சேனல்னு அமர்க்களம்தான். ஆனா 2010ல, கேமைத் தயாரிச்ச பிளிஸார்ட் கம்பெனி, ஒளிபரப்பு உரிமை எங்களுதுன்னு கொரிய சங்கத்தோட மல்லுக்கு நின்னுச்சு.

நம்ம கதை இன்னும் மோசம். இங்க இந்த ஆட்டம் பரவுனது கம்ப்யூட்டரால இல்ல, போனால. 2016ல ஜியோ, 2018ல பப்ஜி மொபைல். ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு வர்ற பையன்கூட ராத்திரி டீம் சேர்ந்து ஆட ஆரம்பிச்சான். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி அரசாங்கம் தடை போட்டுடுச்சு. 2021ல பிஜிஎம்ஐங்கற பேர்ல திரும்ப வந்துச்சு. 2022 ஜூன், ஜூலைல ஸ்டார் ஸ்போர்ட்ஸ்ல போட்டியே காட்டினாங்க. அதே ஜூலை 28, மறுபடியும் கேம் காணோம்! திரும்பி வர 2023 மே ஆயிடுச்சு. அந்தப் பத்து மாசம் இதையே பொழப்பா வெச்சிருந்தவன் என்ன பண்ணுவான்?

கபடிக்கு இப்படி ஆகாதுங்க. மண்ணுல கோடு போட்டா ஆட்டம் ஆரம்பம். கபடிக்கு ஓனர் கிடையாது.

மத்திய அரசு 2022 டிசம்பர்ல இதை விளையாட்டுத் துறைல சேர்த்துச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டம் காசு கட்டி ஆடற கேமைத் தடை பண்ணி, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாப் பிரிச்சு அங்கீகரிச்சுது. நல்ல விஷயம்தான். ஆனா அங்கீகாரம் ஆட்டத்துக்குத்தான், குறிப்பிட்ட கேமுக்கு ஆயுசு கேரண்டி இல்ல.

அதே ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்போ, அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பின பனியன் கம்பெனிங்க பட்ட பாடு நமக்குத் தெரியாததா? ஒரே கேமை நம்பறதும் அதேதான்.

அதனால பையனைத் திட்டாதீங்க, போனைப் புடுங்காதீங்க. ரெண்டு கேமாவது கத்துக்கச் சொல்லுங்க. வர்ணனை, எடிட்டிங், போட்டி நடத்தறதுன்னு கூட ஒரு கைத்தொழிலும் இருக்கட்டும். டீம்ல சேர்ந்தா, கேம் நின்னுபோனா சம்பளம் உண்டான்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேட்கச் சொல்லுங்க.