செய்தியாளன் என்பவன் யார்?

“பத்திரிகைத் தொழில் செத்தது” என்று ஒரு சாராரும், “இனி ஒவ்வொருவனும் பத்திரிகாசிரியனே” என்று மற்றொரு சாராரும் நம் காதில் ஓதி வருகின்றனர். இவ்விரு சாராருமே நம்மை ஏய்க்கின்றனர் என்பது நமது துணிபு.

முதற் சாராரைக் கேட்போம். செத்தது எது? மலாயாவின் முதற் செய்தித்தாள் 1806-ஆம் ஆண்டு நம் ஜார்ஜ் டவுனிலேயே அச்சேறிற்று. அது சர்க்கார் கெஜட்டு. கும்பெனியாரின் அறிவிப்புகளைத் தாங்கி வந்த அத்தாளில் கரும்புத் தோட்டத்துக் கூலியாளின் குறைக்கு இடமேது? பிற்காலத்து நிலைதான் என்ன? 1984-ஆம் ஆண்டு அச்சுக்கூடச் சட்டப்படி, பத்திரிகைக்கு உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அமைச்சர் கையில். 2012 வரை ஆண்டுதோறும் அவர் வாசலில் காத்து நிற்க வேண்டும். பெரிய நாளேடுகள் பலவற்றுக்கு ஆளுங் கட்சிகளே எஜமானர்களாயிருந்தன. 2025-இல் ஊடக மன்றத்துக்கெனச் சட்டம் இயற்றியபோதும் அந்தப் பழைய சட்டத்தை ஒழித்தார்களில்லை. 1924-இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றபோது நாமும் வருந்தினோம். ஆனால் ஒரு தாள் நின்றது என்பதற்காக உண்மையே நின்றுவிட்டதாக ஒப்பாரி வைப்பது பகுத்தறிவாகுமா?

உரிமச் சட்டம் அச்சு இயந்திரத்தைக் கட்டியதேயன்றி இணையத்தைக் கட்டவில்லை. இணையத்தைத் தணிக்கை செய்வதில்லையென்று, அந்நிய முதலை அழைக்கும் பொருட்டு, அரசினரே 1996-இல் வாக்களித்திருந்தனர். அந்த இடைவெளியில்தான் 1999-இல் ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் ‘மலேசியாகினி’யைத் தொடங்கினர். 2007 நவம்பர் 25-இல் நம் மக்கள் ஆயிரமாயிரமாகக் கோலாலம்பூர் வீதியில் திரண்ட செய்தி பரவியதும் பெரும்பாலும் கைப்பேசியாலும் இணையத்தாலுமேயாம். இணையத்தில் எழுதியதற்காக 2007-இல் ஒரு பெரிய நாளேட்டாரால் வழக்குக்கு இழுக்கப்பட்ட ஜெப் ஊய் என்பவர், அடுத்த ஆண்டே நம் பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதியில் நாடாளுமன்றத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அலுவலகத்துக்கு வெளியே பிறந்ததும் பத்திரிகைத் தொழிலேயென்பதற்கு இவை போதாவா?

நிற்க, இரண்டாம் சாராரின் புரட்டு இதனினும் கொடிது. கைப்பேசியில் வந்ததை வந்தபடியே நூறு பேருக்குத் தள்ளிவிடுபவனையும் செய்தியாளன் என்கின்றனர். கத்தி பிடித்தவனெல்லாம் வைத்தியனாவானா? தான் எழுதியதற்குப் பெயரோடும் முகவரியோடும் பொறுப்பேற்று நிற்பவனே செய்தியாளன். 2021-இல் வாசகர் எழுதிய ஐந்து கருத்துரைகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. பிறர் எழுத்துக்காகப் பத்திரிகையைத் தண்டிப்பதை நாம் நியாயமென ஒப்போம். ஆயினும் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். வதந்தியை அனுப்பியவனை எந்த வாசலில் போய்க் கேட்பது? அத் தொகை முழுவதையும் வாசகர்கள் சில மணி நேரத்திலேயே சேர்த்துக் கொடுத்தனர் என்பதையும் மறவாதீர். உண்மைக்கு விலையுண்டு; அதை வாசகன் கொடாவிடில் விளம்பரக்காரனும் கட்சிக்காரனும் கொடுப்பார்கள்; கொடுத்தவன் தாளத்துக்குத்தான் பாட்டும் நடக்கும்.

தோட்டத்துத் தோழர்களே! லயத்தில் ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்ட காலமுண்டு. படித்தவர் தவறாகச் சொன்னால், “எங்கே, மறுபடி படி” என்று கேட்க அருகில் ஆளிருந்தது. இன்று அவரவர் கையிலும் செய்தியிருக்கிறது. மறுபடி கேட்பார்தாம் இல்லை. தோட்டத்தை விற்றுக் குடிகளை வெளியேற்றும்போதும், இங்கேயே பிறந்த பிள்ளைக்கு அடையாளக் கார்டு மறுக்கப்படும்போதும், பட்டணத்து ஆசிரியர் தேடி வருவாரென்று எதிர்பாராதீர். உங்கள் இளைஞர் தாமே எழுதட்டும். ஆனால் நோட்டீசைக் கண்ணால் பார்த்து, தேதியைக் குறித்து, எதிர்க் கட்சியாரையும் வினவி, தம் பெயரிட்டு எழுதட்டும். பிழையிருப்பின் மறுநாளே திருத்தட்டும். பட்டணத்துத் தோழர்களோ, பெயரில்லாச் செய்தியை ஒருவருக்கும் அனுப்பாதிருப்பதோடு, பெயரிட்டு எழுதுபவனுக்குச் சந்தாவும் கொடுத்து ஆதரிக்கட்டும்.

இதைச் செய்யாமல் “பத்திரிகை கெட்டது” என்று தேத்தண்ணீர்க் கடையில் அங்கலாய்ப்பதால் ஒரு பயனும் விளையாது. பொய்யை இலவசமாக வாங்குகிறவர்கள் இருக்குமட்டும் மெய் விலைபோகாது.