ஆலோசனை பெற்றோருக்குத்தான்

மகனாக வளர்த்த பிள்ளை தன்னைப் பெண் என்று சொன்னதும் வீடு ஓடத் தொடங்குகிறது. கோயில், தர்கா, ஜெபக்கூட்டம், மந்திரவாதி என்று குடும்பத்துக்குக் குடும்பம் இடம் மாறும். கொஞ்சம் படித்த குடும்பமானால் கவுன்சலிங். எங்கே போனாலும் உள்ளே உட்கார வைக்கப்படுவது பிள்ளை, வெளியே காத்திருப்பது பெற்றோர். பிள்ளையைத் திருத்திவிடலாம் என்ற இந்த நம்பிக்கை உயிரைக் குடிப்பது. ஆலோசனை அவசியம்தான். அதற்காக முதலில் போக வேண்டியவர்கள் அப்பாவும் அம்மாவும்.

உடனே இன்னொரு நம்பிக்கை குறுக்கே வரும்: பக்தியில் ஊறிய குடும்பம் இதையெல்லாம் ஏற்காது, மதத்தை விட்டால்தான் பிள்ளையை ஏற்க முடியும். பக்தர்களும் இதைச் சொல்கிறார்கள், பகுத்தறிவு பேசுவோரும் சொல்கிறார்கள். இரு தரப்பும் அமெரிக்காவின் மார்மன் சபைக் குடும்பங்களைப் பார்க்க வேண்டும்.

ஆண், பெண் என்பது பிறவிக்கு முன்பே அமைந்த நிரந்தர அடையாளம் என்று 1995இல் அறிக்கையே வெளியிட்ட சபை அது. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் குடும்ப ஏற்புத் திட்டத்தை நடத்தும் கேட்லின் ரயன், அந்தச் சபையில் பிஷப்பாக இருந்த ராபர்ட் ரீஸுடன் சேர்ந்து பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ வேறுபட்ட பிள்ளைகளைப் பெற்ற மார்மன் பெற்றோருக்கென்றே 2012இல் ஒரு கையேடு எழுதினார். கோட்பாட்டைக் கைவிடுங்கள் என்று அது கேட்கவில்லை. குடும்பம் சாவுக்குப் பிறகும் பிரியாது என்பதும் அந்தச் சபையின் போதனைதான். அந்தப் போதனையிலேயே நின்று கையேடு பெற்றோரிடம் பேசியது. பிள்ளையின் நண்பர்களை வீட்டுக்குள் விடாதது, சொந்தக்காரர்கள் வரும்போது பிள்ளையை மறைப்பது, கடவுள் தண்டிப்பார் என்று பயமுறுத்துவது எல்லாம் பாசத்தால் செய்யப்படுபவை என்பதை ரயன் மறுப்பதில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவதாகவே அந்தப் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் விளைவு?

பாலீர்ப்பை மாற்றும் முயற்சிகளைப் பற்றி அவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. அப்படி எந்த முயற்சிக்கும் ஆளாகாதவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 22 சதவீதம். பெற்றோர் மாற்ற முயன்ற வீடுகளில் 48. பெற்றோரோடு சிகிச்சையாளரோ மதத் தலைவரோ சேர்ந்துகொண்டால் 63.

திருநர் இளையோரைத் தனியே பார்த்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு. 2012இல் வெளியான அதில், பெற்றோரின் உறுதியான ஆதரவு பெற்றவர்களில் முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 4 சதவீதம். அந்த ஆதரவு கிடைக்காதவர்களில் 57 சதவீதம். ஆய்வில் பங்கேற்றவர்கள் 84 பேர்தான், சிறிய எண்ணிக்கை. ஆனாலும் நாலுக்கும் ஐம்பத்தேழுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தத் தாய் அலட்சியம் செய்வாள்?

அப்படி ஆதரவு தரப் பெற்றோரைத் தயார்செய்யும் குடும்ப சிகிச்சை வெறும் பாடம் நடத்துவதல்ல. பெற்றோர்-பிள்ளைப் பிணைப்பை மீட்பதற்கென அமெரிக்காவில் உருவான ஒரு முறையைத் தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ கொண்ட இளையோரின் குடும்பங்களுக்குப் பயன்படுத்தியபோது, சிகிச்சையாளர்கள் பெற்றோரோடு மட்டும் தனியே கூடுதல் நேரம் செலவிட்டார்கள். ஊர் என்ன சொல்லும், பேரன் பேத்தி உண்டா, கடவுளுக்கு என்ன பதில் சொல்வது என்று அடக்கிவைத்த அச்சமும் கோபமும் துக்கமும் அங்கே கொட்டித் தீர வேண்டும். பிறகே பிள்ளையை எதிரில் உட்கார வைத்துப் பேச்சு. பிள்ளையின் முன்னால் அழுது புலம்பும் பெற்றோரை விட, வேறோர் அறையில் அழுதுவிட்டு வரும் பெற்றோரால்தான் பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க முடியும்.

நம் ஊர் மதமும் இதற்குப் பூட்டுப் போடவில்லை. 2018இல் தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஒரு திருநங்கைக்குத் தாலி ஏறியது. அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது சாமி அல்ல, பதிவு அலுவலகம். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பையோ திருநரின் பாலின அடையாளத்தையோ ‘குணப்படுத்தும்’ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்புக்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெளிந்தார் என்பது நம் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி. ஒரு நீதிபதிக்கு வராத கௌரவக் குறைச்சல் அவர்களுக்கு எப்படி வரும்? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் பேச வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. தலைமையாசிரியர்கள் அடுத்த கூட்டத்திலேயே பேச்சைத் தொடங்கட்டும்.