சுழியோடும் பிள்ளைக்கு எந்த உடை?

கோடைக்கு ஒரு சட்டை, குளிருக்கு ஒரு சட்டை என்று தேடித் தைப்பித்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டவரிடையே பெரும்பாலும் இல்லை. மலைநாட்டை விடுத்தால் ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே வேட்டி. ஆதலின், கடலுக்குள் இறங்கும் பிள்ளைக்குத் தனியாக ஓர் இறப்பர் உடை வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் நகைப்பதில் வியப்பில்லை. “நிலாவெளிக் கடல் வெந்நீர்போல இருக்கின்றதே! அதற்கு ஏன் இந்தச் செலவு?” என்று தந்தையர் சிலர் எம்மிடமே வினவியுள்ளனர். வினா நியாயமானது. அதற்கு விடை கூறுவதே இவ்வாரம் நாம் மேற்கொண்ட பணி.

நம் முன்னோர் சுழியோடாதவர் அல்லர். மன்னார்க் குடாவிலே, சிலாபத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரேயுள்ள பார்களில் முத்துக் குளித்தோர்க்குக் கோவணம் ஒன்றே உடை. கல்லின் பாரத்தால் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் அடியில் நின்று, சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வந்துவிடுவர். தோணியிற் கயிறு பிடிப்பவன் மைத்துனனாய் இருத்தல் வேண்டும், தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க அவன் மனம் ஒருப்படான் என்று தமிழரிடையே ஒரு பேச்சும் உண்டு. உண்மையோ, பொய்யோ, அழகான பேச்சு! ஆனால் ஈண்டு நாம் கருதவேண்டியது வேறொன்று. அவர்கள் ஒவ்வொரு முறையும் மேலே வந்து வெயிலில் மூச்சு வாங்கினார்கள். இக்காலத்து ஸ்கூபாச் சுழியோடியோ முதுகிற் காற்றுருளையைச் சுமந்துகொண்டு நாற்பது, ஐம்பது நிமிடம் நீருக்குள்ளேயே இருக்கின்றான்.

அந்த ஐம்பது நிமிடத்தில் நிகழ்வது யாது? நம் உடலின் வெப்பநிலை 37 பாகை செல்சியசு. திருகோணமலையிலும் இக்கடுவையிலும் கடல்நீர் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை வரை இருக்கும். கையை விட்டுப் பார்ப்பவனுக்கு அது வெந்நீர்தான். ஆயினும் நீரானது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் தன்மையது. 28 பாகைக் காற்றில் வியர்க்கின்ற உடல், 28 பாகை நீரில் ஓயாது வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். முதல் இருபது நிமிடம் ஒன்றும் தெரியாது. பின்னர் உதடு நடுங்கும், விரல் சொற்கேளாது, அதன்பின் அறிவு மந்தமாகும். உருளையில் எவ்வளவு காற்று எஞ்சியுள்ளது என்பதைப் பார்க்கவேண்டிய வேளையிலே அறிவு மந்தமாவது எத்தகைய ஆபத்து என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மெலிந்த பிள்ளைகள் விரைவிற் குளிர்ந்துபோவார்கள். நம் பிள்ளைகளோ பெரும்பாலும் மெலிந்தவர்களே.

இனி உடையைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதற்கு ‘வெட்சூட்’ என்று பெயர்; ஈர உடை என்பது பொருள். பெயர் பொருத்தமானதே. இவ்வுடை நீரைத் தடுப்பதில்லை. உள்ளே சிறிது நீர் புகவே செய்யும். அந்த நீர் உடற்சூட்டால் இளஞ்சூடாகி நம்மைக் காக்கின்றது என்று பலர் கூறுவர்; அச்சுற்றிய நூல்களிலும் கண்டிருக்கின்றோம். அது பாதி உண்மைதான். காப்பது நீரன்று, நியோப்பிரீன் என்னும் செயற்கை இறப்பருக்குள் அடைபட்டிருக்கும் எண்ணிறந்த நுண்குமிழிகளே. இதனை 1951ஆம் ஆண்டளவில் தெளிவாகக் கண்டவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிக அறிஞர் ஹியூ பிராட்னர். அவருக்கு முன்னிருந்தோர், உடல் நனைந்தால் குளிரும், ஆகவே நனையாதிருக்க வேண்டும் என்று முயன்றனர். பிராட்னரோ, வெப்பத்தைத் தடுக்கும் வாயு துணியினுள்ளேயே அடைபட்டிருக்குமானால் உடல் நனைவதனால் கேடில்லை என்றார். பின்னர் இவ்வுடையை வணிகத்திற் பரப்பிப் பேர்பெற்றோர் ஜாக் ஓநீல் முதலிய வேறு சிலர். 2008இற் காலமான பிராட்னரின் பெயரைச் சுழியோடிகளிற் பலர் இன்றும் அறியார்.

இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டால் உடை தெரிவதில் பாதி வேலை முடிந்தது. குமிழிகள் காக்கும் என்றால், தடிப்பு மிகுந்தால் காப்பும் மிகும். அப்படியானால் கிடைப்பவற்றுள் மிகத் தடித்ததை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் இடறுகின்றனர்.

எம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவனுக்குக் கனடாவிலிருந்து மாமனார் ஒருவர் அன்போடு ஓர் உடை கொண்டுவந்து கொடுத்தார். 7 மில்லிமீற்றர் தடிப்பு, தலைமூடியும் உண்டு. மருமகன் குளிரிற் படக்கூடாது என்பது அவர் எண்ணம். பங்குனி வெயிலில், படகிலே, அதனை அணிந்துகொண்டு அரைமணி நேரம் காத்திருந்த பிள்ளைக்கு நீரைக் காணுமுன்னரே தலைசுற்றி வாந்தி வந்துவிட்டது. “கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை, சேர், சட்டைதான் செய்தது” என்று அவன் பின்னர் எம்மிடம் சொன்னான். மாமனார்மீது குற்றமில்லை. ஒன்ராறியோ ஏரியின் ஆழத்து நீர் கோடையிலும் 4 பாகையை அண்டி நிற்பது. அந்நீருக்கு 7 மில்லிமீற்றரும் போதாது. உள்ளே நீரே புகாத உலர் உடையை அங்குள்ளோர் நாடுவர். நம் கடலுக்கு 3 மில்லிமீற்றர் போதும். ஒருமுறை மட்டும் இறங்கி ஏறுபவர்க்கு அரைக்கையும் அரைக்காலும் உடைய குட்டை உடையே போதும். 20 முதல் 25 பாகை வரையுள்ள கடல்களுக்கு 5 மில்லிமீற்றரும், அதற்குக் கீழே 7 மில்லிமீற்றரும் பொதுவாகக் கொள்ளத்தக்கவை. இரண்டு எண்களைச் சேர்த்து 3/2 என்று எழுதியிருந்தால், மார்புக்கு 3, கைகால்களுக்கு 2 என்று அறிக.

தடிப்பினும் முதன்மையானது அளவு. இங்கே நம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடச் சீருடையை ‘வளருகின்ற பிள்ளைதானே’ என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைப்பிப்பது நம் குடும்பங்களின் நெடுநாளைய சிக்கனம். அச்சிக்கனம் இங்கே செல்லாது. தொளதொளவென்ற உடையினுள்ளே ஒவ்வோர் அசைவிலும் புதுநீர் புகுந்து, உடல் சூடாக்கிய நீரை வெளியே தள்ளும். பின்னர் அந்தப் புதுநீரையும் உடலே சூடாக்க வேண்டும். இவ்வாறு ஐம்பது நிமிடம் கடலைச் சூடாக்குவதற்கு எந்தப் பிள்ளையின் உடலிலும் வலுவில்லை. வளரும் பிள்ளையாயின் வாங்காது வாடகைக்கு எடுத்தலே நன்று. சுழியோடப் பயிற்றும் இடங்களில் உடைகளும் கிடைக்கும்.

கடையிலே அணிந்து பார்க்காமல் வாங்கற்க. உடை இரண்டாவது தோல்போல் ஒட்டவேண்டும். முதுகின் இடுப்பு வளைவிலும் அக்குளிலும் கவட்டிலும் வெற்றிடம் இருத்தலாகாது. இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்துக, குந்தி எழுக, ஆழ மூச்சிழுத்துப் பார்க்க. மூச்சு முழுமையாக வராவிடின் அவ்வுடை உமக்குரியதன்று. தரையிற் சிறிது இறுக்கமாய்த் தோன்றுவது நீரினுட் சற்றுத் தளரும் என்பதையும் மனத்திற் கொள்க.

கழுத்தைத் தனியே கவனித்தல் வேண்டும். கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி செல்லும் நாடிகள் உள்ளன. அங்கேயே குருதியின் அமுக்கத்தை உணர்ந்து இதயத்துக்கு அறிவிக்கும் நரம்பு முனைகளும் உள்ளன. கழுத்துப்பட்டி அவ்விடத்தை இறுக்கினால், குருதியமுக்கம் மிகுந்துவிட்டதாக மயங்கிய உடல் இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். தலை இலேசாகிக் கண் இருளும். கரையில் இது நேர்ந்தால் பட்டியைத் தளர்த்தி உட்காரலாம். 15 மீற்றர் ஆழத்தில் உட்காருவதற்கு இடமில்லை. ஏனைய இடங்களிற் சிறிது இறுக்கத்தைப் பொறுக்கலாம், கழுத்திலே பொறுக்கலாகாது.

தையலைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. ஊசித்துளை மறுபுறம் வராமல் ஒட்டித் தைத்தவை குளிர்நாட்டுக்கு வேண்டும். நமக்குத் தட்டையாய்த் தைத்த சாதாரண மூட்டே அமையும். இழுபூட்டு முதுகில் இருந்தால் நீண்ட நாடா இருக்கின்றதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

உயர்தர வகுப்பிலே பௌதிகம் படிக்கும் மாணாக்கர் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் படிப்பாராக. நீர்மட்டத்தில் அமுக்கம் ஒரு வளிமண்டலம். 10 மீற்றர் ஆழத்தில் இரண்டு. 30 மீற்றரில் நான்கு. போயிலின் விதி உடையிலுள்ள குமிழிகளையும் விடுவதில்லை. இறப்பரின் விறைப்பினால் விதி அப்படியே எண்ணளவில் நிறைவேறாதாயினும், குமிழிகள் வெகுவாகச் சுருங்கிவிடும், உடை மெலியும். அதனால் விளைவன இரண்டு. முதலாவது, குளிர் மிகும் ஆழத்திலேயே காப்புக் குறையும். இரண்டாவது, மேலே நம்மை மிதக்கச் செய்த உடை கீழே மிதப்பை இழக்கும். தடித்த உடையின் மிதப்பை வெல்ல மேலே அதிக ஈயக்கட்டிகளை இடையிற் கட்டியவன், கீழே சென்றதும் கல்லைப்போல் இறங்குவான். நம் கடலில் வேண்டாத் தடிப்பை விலக்க இதுவும் ஒரு காரணம். ஈயத்தை நிறுக்கும்போது உருளை நிறைந்திருக்கும் நிலையை மட்டும் பார்த்தலும் தவறு. சாதாரணமான ஓர் உருளையிலுள்ள காற்றே ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராம் நிறையுடையது. அது தீர்ந்தபின்னும், மேலெழுமுன் 5 மீற்றரில் தரித்து நிற்கக்கூடிய அளவே சரியான அளவு.

அந்த 5 மீற்றர்த் தரிப்பிலேதான் குளிர் தன் கடைசி வேலையைச் செய்கின்றது. ஆழத்திலே குருதியிலும் தசையிலும் கரைந்த நைதரசன், ஏறும்போது மெல்ல வெளியேற வேண்டும். குளிர்ந்த உடலில் தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் குருதி குறைவதால் அது தடைப்படும். சூடாக இறங்கிக் குளிர்ந்து ஏறுபவனுக்கு அமுக்கநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை அமெரிக்கக் கடற்படையின் ஆய்வொன்று 2007இல் வெளிப்படுத்தியது. இதனை வடக்கிலும் மன்னாரிலும் கடலட்டை பிடிக்கச் சுழியோடும் எம் இளைஞர்களுக்காகவே எழுதுகின்றோம். பயிற்சியின்றி ஒரே நாளிற் பல உருளைகளைத் தீர்த்து, பழைய காற்சட்டையும் மேற்சட்டையுமாய் இறங்கி, மூட்டுவலியென்றும் கால் மரத்ததென்றும் வீடு திரும்புவோர் உளர். நல்ல உடை அந்நோயைத் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. உருளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு ஈடாக எவ்வுடையும் இல்லை. ஆயினும் இரண்டாவது உருளைக்குக் கொடுக்கும் பணத்தை உடைக்கு ஒதுக்குவது அறிவுடைமை.

தாய்மார் சிலர் பெண்பிள்ளைகளை இத்துறைக்கு விட அஞ்சுவது உடையை முன்னிட்டே. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் முழு உடையைக் கண்டால் அவ்வச்சம் நீங்கும். அது முருகைக்கற்களின் கீறலையும் சொறிமுட்டையின் எரிவையும் தடுக்கும் என்பதும் ஒரு நன்மை. பெண்களுக்கென வேறு வெட்டில் தைத்தவை உண்டு; தமையனின் உடையைத் தங்கைக்கு அணிவித்தல் சரிவராது. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியிற் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் தூண்களைக் கடலடியிற் கண்டனர். அத்தூண்களைக் காணும் ஆவல் எம் பெண்பிள்ளைகளுக்கும் இருக்குமன்றோ?

வாங்கிய உடையைக் காக்கும் முறை எளிது. கரைக்கு வந்ததும் நன்னீரில் அலசுக. உட்புறத்தை வெளியே திருப்பி, அகன்ற தோளுடைய மாட்டியில் நிழலிலே உலர்த்துக. வெயிலிற் போட்டால் இறப்பர் வெடிக்கும். மடித்துப் பெட்டியில் அடைத்தால் மடிப்பிலுள்ள குமிழிகள் நசுங்கி அவ்விடமே குளிர்வழியாகும். அணியும்போது கால் வழுக்கிச் செல்லாவிடின், பாதத்தில் ஒரு பிளாத்திக்குப் பையை மாட்டிக்கொண்டு நுழைத்துப் பின் பையை உருவிவிடலாம். நகத்தால் இழுக்கவேண்டாம், புது உடைகளில் முதற் கிழிசல் பெரும்பாலும் நகத்தினாலேயே உண்டாகின்றது.