கோவில்பதாகையிலிருந்து பாரிஸுக்கு

பாரிஸுக்குப் போக முடியுமா?

ஒரு காலத்தில் ஜமீன்தார்களும் பாரிஸ்டர்களும்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். மற்றவர்களுக்கு அது சினிமாவில் பார்க்கும் ஊர். 1969-ல் "சிவந்த மண்" படம் வந்தபோது, ஐரோப்பாவைக் கண்ணால் கண்டுவிட்டோம் என்று தியேட்டரை விட்டு மகிழ்ச்சியோடு வெளியே வந்தவர்கள் பலர்.

இன்று கோவில்பதாகையில் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆவடித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர் கேட்கிறார். "அப்பா அம்மாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும்" என்று கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் கேட்கிறாள்.

போகலாம். தாராளமாகப் போகலாம். எப்படிப் போவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு இதில் போகிறது. போன பணத்துக்குப் பார்த்தது என்ன என்று திரும்பி வந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

பத்து நாளில் ஏழு நாடா?

"பத்து நாள், ஏழு நாடு" என்று விளம்பரம் வருகிறது. படிக்க ஆசையாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நாடு என்றால் பாதிப் பகல் பஸ்ஸில் போய்விடும். காலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டு, இரவு இன்னொரு ஊரில் அவிழ்த்து வை. ஈபிள் கோபுரத்தின் முன்னால் இருபது நிமிஷம். படம் எடுத்தாயிற்றா? ஏறு பஸ்ஸில்!

இதற்கு நாம் சம்மதிக்க மாட்டோம். ஒரே ஊருக்குப் போங்கள். ஐந்து முழு நாள் தங்குங்கள். காலையில் எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று தெரியும் அளவுக்காவது ஒரு ஊரில் இருந்தால்தான், அந்த ஊரைப் பார்த்தோம் என்று சொல்லலாம்.

பாரிஸ் அதற்கு ஏற்ற ஊர். பெயர்தான் பெரிது; ஊர் சிறிது. வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லைக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆவடியில் ரயில் ஏறி வில்லிவாக்கம் வந்து சேரும் தூரத்துக்குள் பாரிஸின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம்.

முதலில் காகிதம்

பிரான்ஸ் உள்பட 29 நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விசா உண்டு. அதற்கு "ஷெங்கன் விசா" என்று பெயர். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி. அதற்கும் சிறிய குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 2025-ல் ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. பெரியவர்கள் நாலு பேர் என்றால், விசாவுக்கு மட்டும் முப்பத்தாறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. மனுவை வாங்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி.

இந்தப் பணம் திரும்பி வராது. விசா மறுத்தாலும் வராது. ஆகவே அவசரம் கூடாது.

பிரயாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே மனுப் போடலாம். கடைசிப் பதினைந்து நாள் வரை காத்திருந்தால் ஆபத்து. நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். தங்கும் இடம், விமானப் பதிவு, பாங்குக் கணக்கு, வேலை செய்யும் இடத்தில் லீவுக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆகியவற்றைக் கேட்பார்கள். திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். சர்க்கார் வேலையில் இருப்பவர்கள் இலாகா அனுமதியையும் முன்னாலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

சிலர் பாங்குக் கணக்கைப் பெரிதாகக் காட்ட, மைத்துனரிடம் இரண்டு லட்சம் கைமாற்று வாங்கிப் போட்டுவிட்டு மறுநாள் மனுக் கொடுக்கிறார்கள். மூன்று மாதக் கணக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு, நேற்று வந்த பணம் எது என்று தெரியாதா? அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். இருப்பதை உள்ளபடி காட்டுங்கள்.

"விசா காரண்டி" என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள். விசா கொடுப்பது அந்த நாட்டு சர்க்கார். வேறு யாரும் காரண்டி கொடுக்க முடியாது.

இன்னொன்று. சுற்றுலாக் கம்பெனி மூலம் போனால் கட்டணத்தோடு ஒரு வரியையும் பிடித்துக்கொள்வார்கள். அது போன பணம் என்று விட்டுவிடாதீர்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். கட்ட வேண்டிய வரி இல்லை என்றால் திரும்பப் பெறலாம். ரசீதை அம்மாவின் நகைப் பெட்டியில் வைத்தாலும் சரி, பத்திரமாக வையுங்கள்.

கடன் வாங்கிப் போகலாமா? கூடாது என்பது நம் அபிப்பிராயம். இரண்டு வருஷம் பொறுத்துப் போனால் ஈபிள் கோபுரம் ஓடிப் போய்விடாது.

கிழமை முக்கியம்

லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சேல்ஸ் அரண்மனையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். இது தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. காலண்டரை எடுத்து, முதலில் இந்த இரண்டு கிழமைகளைக் குறித்துக்கொண்டு, மற்றதைப் பிறகு எழுதுங்கள்.

போய் இறங்கும் நாளில் எதுவும் வேண்டாம். கோடையில் பாரிஸ் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். அங்கே மாலை ஏழு மணி என்றால், உங்கள் உடம்புக்கு இரவு பத்தரை. சேன் நதியில் ஒரு படகுச் சவாரி போதும். உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். ஜூன் மாதத்தில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பள்ளிக்கூட லீவு மே மாதத்தில் வருவது நமக்கு அதிர்ஷ்டம்தான். அங்கே அது இதமான வசந்த காலம்.

ஈபிள் கோபுரத்துக்கு இரண்டு மாதம் முன்பாகவே டிக்கெட் வாங்கப் பாருங்கள். 1889-ல் கண்காட்சிக்காகக் கட்டினார்கள். இருபது வருஷம் கழித்துப் பிரித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. கம்பியில்லாத் தந்திக்கு உதவியது என்பதால் பிழைத்தது! உயரம் 330 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கினால் வரும் உயரம். மேலே ஏறச் செலவு அதிகம் என்று தோன்றினால், நதிக்கு அக்கரையில் உள்ள திரோகதேரோ மேட்டில் நின்று பாருங்கள். காசு இல்லை. கோபுரத்தின் மேல் நிற்பவருக்குக் கோபுரம் தெரியாது, இங்கே தெரியும்.

நோத்ர தாம் தேவாலயத்துக்கும் கட்டணம் இல்லை. 2019 ஏப்ரல் 15-ந் தேதி தீப்பிடித்து கூரை எரிந்து விழுந்தது. ஐந்து வருஷம் வேலை செய்து, 2024 டிசம்பரில் திறந்தார்கள்.

லூவருக்கு மட்டும் பணம் எடுத்து வைக்கத்தான் வேண்டும். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ என்று 2025 நவம்பரில் முடிவு செய்தார்கள். நமக்கு இதில் வருத்தம் உண்டு. தூரத்திலிருந்து வருகிறவனுக்கா அதிகக் கட்டணம்? இருந்தாலும் போகாமல் இருக்க முடியாது. மோனாலிசாவைப் பார்க்க முண்டியடிக்காதீர்கள். அந்தப் படத்தின் உயரமே 77 சென்டிமீட்டர்தான். எதிரே நூறு தலை நிற்கும்.

திருவாலங்காட்டு நடராஜரும் பாரிஸ் சிற்பியும்

இனி நம் ஊர்க்காரர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் ஒன்றைச் சொல்கிறோம்.

ஆவடியிலிருந்து அரக்கோணம் ரயிலில் போனால், திருவள்ளூர் தாண்டித் திருவாலங்காடு வரும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து தங்கிய தலம் என்பார்கள். அந்த ஊரில் கிடைத்த சோழர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாரிஸில் ரோடின் என்று ஒரு சிற்பி. மேல்நாட்டுச் சிற்பிகளில் தலைசிறந்தவர். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. சென்னை நடராஜரின் புகைப்படங்களை மட்டும் பார்த்தார். பார்த்துச் சொக்கிப் போனார். கை எப்படி, கால் எப்படி, உடலின் வளைவு எப்படி என்று வியந்து வியந்து எழுதினார். 1917-ல் அவர் காலமானார். அந்தக் கட்டுரை 1921-ல் புத்தகத்தில் வெளிவந்தது.

அவர் வேலை செய்த மாளிகை இன்று ரோடின் அருங்காட்சியகம். "சிந்திக்கும் மனிதன்" என்ற அவருடைய புகழ்பெற்ற சிலை தோட்டத்திலேயே நிற்கிறது. கிமே என்ற இன்னொரு அருங்காட்சியகம் ஈபிள் கோபுரத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான். அங்கே தமிழ்நாட்டிலிருந்து போன சோழர் நடராஜர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே விமான டிக்கெட் வாங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப் போங்கள். ஆவடியிலிருந்து ரயில் கட்டணம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இந்த நடராஜரை நேரில் பார்த்த குழந்தை, பாரிஸில் ரோடின் சிலைகளின் முன்னால் சும்மா நிற்காது. நூறு கேள்வி கேட்கும்.

தாத்தா பாட்டி கவனம்

பூமிக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயில் 1900-ல் தொடங்கியது. எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் படி, படி, படி! பல ஸ்டேஷன்களில் லிப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் பஸ்ஸில் போவதே மேல். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரும் தெரியும். புது ஷூவை வாங்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். ஒரு மாதம் முன்பே போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் தினம் மூன்று கிலோமீட்டர் நடந்து பழகுங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். புட்டித் தண்ணீர்ச் செலவு மிச்சம். கூட்டத்தில் பர்ஸ் ஜாக்கிரதை. நம் சென்ட்ரலில் இருக்கும் கெட்டிக்காரர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். யாராவது சிரித்துக்கொண்டே உங்கள் கையில் நூல் கட்ட வந்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு காசு கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஐந்து நாளும் புளிக்காய்ச்சலில் ஓட்டலாம் என்று ஜாடி ஜாடியாகக் கட்ட வேண்டாம். வடக்கு ரயில் நிலையத்தின் பின்னால் லா ஷப்பேல் என்ற வட்டாரம் இருக்கிறது. கடைகளின் பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்து! வெற்றிலை, முருங்கைக்காய், தோசை எல்லாம் கிடைக்கும். 1983-க்குப் பிறகு இலங்கையில் வீடு வாசலை இழந்து வந்த தமிழர்கள் உண்டாக்கிய கடைத் தெரு அது. புதுச்சேரி 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களும் பாரிஸில் உண்டு.

அங்கே மாணிக்க விநாயகர் ஆலயம் 1985 முதல் இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தேர் வீதியில் வரும். போலீஸார் பாதையை ஒதுக்கிக் கொடுக்க, தெருவில் தேங்காய் மலை போல் குவித்து உடைப்பார்கள். பிரெஞ்சுக் குழந்தைகள் ஓடி வந்து சில்லைப் பொறுக்குவார்கள். உங்கள் லீவு அந்தச் சமயத்தில் கிடைக்குமானால், ஐந்து நாளில் ஒரு நாள் அந்த ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்படி தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.