பேய்க் கோளாறா? சர்க்கரைக் கோளாறா?

நம் மக்களுக்கு இரவில் எந்த உபாதை வந்தாலும் காரணம் கண்டுபிடிக்கத் தாமதமே ஆவதில்லை. நாலு தடவை எழுந்து மூத்திரம் பெய்தால் சனி திசை. பாதம் எரிந்தால் ஏவல். தூக்கத்தில் வியர்த்துப் பிதற்றினால் பேய். படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மறுபடியும் நனைத்தால் காத்துக் கருப்பு. ஜோசியனுக்கு ஒரு பங்கு, மந்திரவாதிக்கு ஒரு பங்கு, நவக்கிரக சாந்தி செய்யும் புரோகிதருக்கு ஒரு பங்கு! ஒரு துளி இரத்தத்தை எடுத்துப் பார்ப்போம் என்பவர் மாத்திரம் இவர்களில் ஒருவரும் இல்லை.

இதில் தெய்வ இரகசியம் ஏதேனும் உண்டா? இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிக்குச் சுமார் 180 மில்லிகிராமுக்கு மேல் ஏறினால் சிறுநீரகத்தால் அதை முழுதும் தடுத்து நிறுத்த முடிவதில்லை. அது மூத்திரத்தில் இறங்கும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் நள்ளிரவில் எழ வேண்டியிருக்கிறது. நாக்கு வறண்டு செம்பைத் தேட வேண்டியிருக்கிறது. நாளடைவில் நரம்பு கெட்டால் பாதம் எரிகிறது, மரத்துப் போகிறது.

இரவில் எழுபவர்களெல்லாம் நீரிழிவுக்காரர் என்று நாம் சொல்லவில்லை. நீர்த்தாரைப் புண்ணும் முதியவர்களின் புராஸ்டேட் வீக்கமும்கூடக் காரணமாகலாம். எது என்று சொல்ல வேண்டியது சோதனையே ஒழிய சோழி அல்ல.

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்கிறவர் இரவில் வியர்த்து, நடுங்கி, பிதற்றினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவில்லையேல் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் பேய் போகாது, உயிர்தான் போகும்!

பிள்ளைகள் விஷயம் இன்னும் கொடியது. திடீரென்று படுக்கை நனைதலும், அடங்காத தாகமும், உடல் இளைப்பும் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. டொராண்டோவில் 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் லியோனார்டு தாம்சனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள்; சாகக் கிடந்தவன் மேலும் 13 ஆண்டு வாழ்ந்தான். அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் பிழைத்ததில்லை. அத்தனை காலமும் மந்திரமும் தாயத்தும் இல்லாமலா இருந்தன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி இந்நாட்டில் நீரிழிவுக்காரர் சுமார் 10 கோடிப் பேர். அத்தனை பேர் ஜாதகத்திலும் ஒரே சனியா உட்கார்ந்திருக்கிறான்?

தாயத்துக்காரர்களை நாம் கேட்பது ஒன்றுதான். கட்டும் முன் ஒரு சோதனை, கட்டிய பின் ஒரு சோதனை. மருந்தில்லாமல் சர்க்கரை இறங்குவதைக் காட்டட்டும். காட்ட முடியாதவன் காசு வாங்க என்ன யோக்கியதை?

ஆகவே தோழர்களே! இரவில் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். 126-ம் அதற்கு மேலும் வந்தால் மறுமுறையும் பார்த்து உறுதி செய்துகொண்டு வைத்தியத்தைத் தொடங்குங்கள். மருந்தை எந்தச் சாமிக்காகவும் நிறுத்தாதீர்கள். வெட்கப்பட வேண்டியது நோய்க்கு அல்ல. நோயைப் பேயென்று நம்பும் மடமைக்கே!