லெஃப்ட் ஃப்ரீன்னு யார் சொன்னா மக்கா?

டிஸ்கி: இது அறிவுரைப் பதிவு இல்லீங்க. தப்பு செஞ்சவன் எழுதுற பதிவு. திட்டணும்னா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. தூத்துக்குடி ஊருக்குள்ள ஒரு சிக்னல். எதுன்னு சொல்லலை, ஊர்க்காரங்க கண்டுபிடிச்சிடுவீங்க. நான் பைக்ல இடது பக்கம் திரும்பணும். சிவப்பு. நின்னேன். பின்னாடி ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடிக்க ஆரம்பிச்சது. "அண்ணாச்சி, லெஃப்ட் தானே, போங்க!" சரி, நம்மால எதுக்கு ஊருக்குத் தொந்தரவுன்னு வலது பக்கம் எட்டிப் பார்த்தேன். குறுக்குச் சாலையில வர்ற வண்டிகளுக்கு நடுவுல ஒரு சின்ன இடைவெளி கிடைச்சது. முறுக்கினேன்.

வலது பக்கம் பார்த்துக்கிட்டே முறுக்கினேன் என்பதுதான் விஷயம். இடது பக்கத்திலிருந்து தலையில மீன் சட்டியோட ஒரு அம்மா ஜீப்ரா கோட்டுல இறங்கியிருந்தாங்க. பிரேக் பிடிச்சேன், ஆனா முன் சக்கரம் காலில் பட்டுடுச்சு. சட்டி விழுந்து சாளை மீன் பூரா ரோட்டுல. பெரிய காயம் இல்லை, கணுக்கால் வீங்கிப் போச்சு. "ஏலே, கண்ணை எங்க வச்சிருக்க?" அப்படின்னாங்க. அது எதிர்பார்த்ததுதான். அடுத்து சொன்னதுதான் இன்னும் காதுல நிக்குது. "வண்டியெல்லாம் நிக்குதுன்னுதானே நான் இறங்குனேன்?"

இதுக்கு என்னங்க பதில் சொல்றது?

எனக்குச் சிவப்பு விழுறதுக்கு ஒரு காரணம் குறுக்கே போற வண்டி. இன்னொரு காரணம் எனக்கு முன்னால கடக்கிற ஆள். நான் நிக்கிற அந்த நேரம்தான் அவங்க நடக்கிற நேரம். சிவப்புல இடது பக்கம் திரும்புறவன் கண்ணு முழுக்க வலது பக்கம்தான் இருக்கும், ஏன்னா அடிக்க வர்ற லாரி அங்கிருந்துதான் வரும். தன்னை அடிக்கக்கூடியதை மட்டும் பார்ப்பான். தான் அடிக்கக்கூடியதைப் பார்க்க மாட்டான். நான் பார்க்கலை.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து, இந்த 'ஃப்ரீ லெஃப்ட்' சட்டத்துல எங்க இருக்குன்னு தேடினேன். (குற்ற உணர்ச்சி வந்தா நமக்கு முதல்ல சட்டப் புத்தகம்தானே ஞாபகம் வரும் :-) ) பொதுவான உரிமையா அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. சிவப்புன்னா கோட்டுக்குப் பின்னாடி நிக்கணும், எந்தப் பக்கம் திரும்புறவனா இருந்தாலும். பச்சை அம்புக்குறியோ, போகலாம்னு பலகையோ இருந்தா மட்டும்தான் போகலாம். 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ சிவப்பைத் தாண்டுறதை ஆபத்தான ஓட்டுதல் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. பலகை வச்சா சலுகை, வைக்கலைன்னா தடை. நாம தலைகீழா, 'நோ ஃப்ரீ லெஃப்ட்'னு பலகை இல்லாத இடமெல்லாம் ஃப்ரீன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டுறோம்.

அமெரிக்காவுல இருக்கிற நம்ம மக்கள் இங்க குறுக்கே வருவீங்க, தெரியும். "எங்க ஊர்ல ரைட் ஆன் ரெட் இருக்கே, உலகம் முங்கிடலையே?" அங்க அது பரவினதுக்குக் காரணம் பாதுகாப்பு இல்லை, பெட்ரோல். 1973ல எண்ணெய் தட்டுப்பாடு வந்துச்சு. சிவப்புல நின்னு வண்டி சும்மா எரிக்குதேன்னு, 1975ல வந்த எரிசக்திச் சட்டம் மாநிலங்களை அந்தப் பக்கம் தள்ளுச்சு. பிறகு கணக்குப் பார்த்தா, நடக்கிறவங்களும் சைக்கிள்காரங்களும் அடிபடுறது கூடியிருந்தது. நியூயார்க் நகரத்துல இன்னிக்கும் பலகை இருந்தாலொழிய திரும்பக் கூடாது. மத்த ஊர்லயும் 'நோ டர்ன் ஆன் ரெட்' பலகை எங்க வைக்கிறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க: கட்டடம் மறைக்கிற முனை, நடக்கிறவங்க கூட்டமா கடக்கிற இடம், ரோடுகள் கோணலா வந்து சேருற சந்திப்பு.

ஜெர்மனி கதை இன்னும் சுவாரசியம். கிழக்கு ஜெர்மனியில 1978ல சிவப்பு விளக்குக்குப் பக்கத்துல ஒரு பச்சை அம்புப் பலகை வச்சாங்க. நாடு ஒண்ணான பிறகு கிழக்கோட சமாச்சாரம் எவ்வளவோ காணாமப் போச்சு, இது மட்டும் 1994ல நாடு முழுக்க விதியாவே வந்துடுச்சு. ஆனா ஒரு நிபந்தனை உண்டு: கோட்டுல முழுசா நின்னு, பார்த்து, அப்புறம்தான் போகணும். சிங்கப்பூர்லயும் அப்படித்தான், பலகை இருக்கிற இடத்துல மட்டும், அதுவும் நின்னுட்டுத்தான். நம்ம ஊர்ல 'ஃப்ரீ'ன்னா வேகம் குறைக்காமப் போறதுன்னு அர்த்தம் பண்ணி வச்சிருக்கோம்.

தூத்துக்குடிக்குன்னு தனியா ஒரு காரணமும் இருக்கு: கன்டெய்னர் லாரி. துறைமுக ஊர்ல பொறந்தவனுக்கு அதைப் பத்திச் சொல்லத் தேவையில்லை. 40 அடிப் பெட்டி, அதை இழுக்கிற முன் வண்டி தனி. அது இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில போகாது. உள்ளே வெட்டிக்கிட்டு, ரோட்டு முனையை ஒட்டி வரும். அதனாலதான் நல்ல டிரைவர் முதல்ல வலது பக்கம் அகலமா ஒதுக்கி, அப்புறம் திருப்புவார். அப்படித் திரும்ப அவருக்குக் குறுக்குச் சாலையில பாதி ரோடு காலியா வேணும். அவருக்குச் சிவப்புன்னா குறுக்குச் சாலைக்குப் பச்சை. அங்க வண்டி நிறைஞ்சு ஓடிட்டிருக்கும். அப்போ ஃப்ரீ லெஃப்ட்டுனு திருப்பினா ஒடுக்கித்தான் திருப்பணும், ஒடுக்கினா பின்சக்கரம் முனையில நிக்கிறவன் மேலதான் வரும். அந்த முனையில யார் நிப்பா? ரோட்டைக் கடக்க நிக்கிற ஸ்கூல் புள்ளைங்க. இல்லாட்டி, லாரி வலது பக்கம் ஒதுங்கினதும் இடது பக்கம் சந்து கிடைச்சதுன்னு நுழையுற என்னை மாதிரி பைக்காரன்.

அதே லாரி பச்சை விழுந்து திரும்பினா, குறுக்குச் சாலை நின்னுடும். டிரைவருக்கு ரோடும் கிடைக்கும், இடது கண்ணாடியைப் பார்க்க நேரமும் கிடைக்கும்.

"அப்போ எல்லா இடத்திலயும் நிக்கணுமா?" இல்லை. நாலுவழிச் சாலையில, நடக்கிறவன் வாடையே இல்லாத சந்திப்புல, இடது பக்கத்துக்குன்னு தனிப் பாதை பிரிச்சிருந்தா தாராளமா விடலாம். ஆனா வி.வி.டி. சிக்னல்னு சிக்னலே பஸ் ஸ்டாப்புப் பேரா ஆகிப்போன ஊருக்குள்ள, ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரே நடந்து போற பக்கத்துல, எதுக்கு? ஒரு சிவப்பு 60 விநாடின்னு வைங்க. சராசரியா மிச்சமாகிறது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தை அடுத்த டீக்கடையில அரை மணி நேரமா செலவு பண்றவங்கதான நாம.

இன்னொரு எரிச்சலும் உண்டு. நேரா போறவன் இடது ஓரத்துல நின்னா அவனுக்கும் ஹாரன். அவன் என்ன பாவம் பண்ணினான்? ஃப்ரீ லெஃப்ட் இல்லைன்னு தெளிவா ஒரு பலகை வச்சா இந்தச் சத்தம் பாதி குறையும். பெயிண்டுச் செலவுதான். கோடு அழிஞ்சு போன இடத்துல கோட்டையும் போட்டுட்டா, எங்க நிக்கணும்னாவது தெரியும்.

அந்த அம்மாவுக்கு மீன் காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, அதிகமா இருந்ததைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே பக்கம் பார்த்தேன், காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தாங்க. என்னை அடையாளம் தெரியலை. நானும் போய்ச் சொல்லலை.

இப்போ அந்தச் சிக்னல்ல நிக்கிறேன். நேத்தும் பின்னாடி ஒரு தம்பி, "அண்ணே, லெஃப்ட் ஃப்ரீ!" முன்னால ஒரு தாத்தா பேரனைக் கையில பிடிச்சுக் கடந்துக்கிட்டிருந்தார், கையைக் காட்டினேன். தம்பி பார்த்தான். ஹாரனை நிறுத்தினான். தாத்தா அந்தப் பக்கம் ஏறினதும் என்னைச் சுத்திக்கிட்டுப் போயிட்டான்.